இடது காலின் கட்டைவிரல்

சிட்னி விமான நிலையத்தில் என்னை முதலில் வரவேற்றது ஒரு நாய். காது தொங்கிப்போன, சாதுவான நாய்தான். ஆனால் இருநூறு பேரை விட்டுவிட்டு என் பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கயிற்றில் பிடித்திருந்த சீருடைப் பெண் அதற்குத் தின்ன ஏதோ கொடுத்துத் தட்டிக்கொடுத்தாள். என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை.

பைக்குள் இருந்தது புளி. எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டு வருவார். அதனால் புளியில் கல் உப்பை வைத்து உருண்டை பிடித்து, ஒரு டப்பாவில் போட்டு எங்கே போனாலும் எடுத்துப்போவேன். கன்னத்தில் ஒன்றை அடக்கிக்கொண்டால் குமட்டாது.

என் மகள் விஜயா போனில் முன்பே பாடம் நடத்தியிருந்தாள். விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள், தின்பண்டம் இருக்கிறதா என்று கேட்கிற இடத்தில் ஆமாம் என்று குறி போட வேண்டும். "இங்க புளி கொண்டு வர்றது தப்பில்லம்மா. இல்லைன்னு சொல்லிட்டுக் கொண்டு வர்றதுதான் தப்பு. கேட்டா 'யெஸ்'னு சொல்லு, டப்பாவத் தொறந்து காட்டு. அவ்வளவுதான்."

அட்டையைப் பக்கத்து சீட்டில் வந்த கல்லூரிப் பெண் நிரப்பிக் கொடுத்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதிகாரி மேசைக்குப் பின்னால் நின்று என்னவோ கேட்டாள். "யெஸ்" என்றேன். டப்பாவைத் திறந்தேன். முகர்ந்து பார்த்தாள், ஒரு குச்சியால் குத்திப் பார்த்தாள். கூட வைத்திருந்த வேப்பம்பூப் பொட்டலத்தை மட்டும் குப்பையில் போட்டாள். புளியைத் திருப்பிக் கொடுத்துச் சிரித்தாள்.

விஜயா என்னைக் கூப்பிட்டதற்குச் சொன்ன காரணம் பேத்தியைப் பார்த்துக்கொள்ள. நான் போன காரணம் விஜயாவின் குரல். போனில் அது சில மாதங்களாகவே சரியில்லை. வீடு சிட்னிக்கு ஒதுக்குப்புறமாக, டூங்கபியில். போய்ச் சேர்ந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பெரிய சிலைகள், ஓவியங்கள் இவற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனி. இவளுடைய விசா அந்த வேலையில் தொங்குகிறது. மருமகன் விசா இவள் விசாவில் தொங்குகிறது. பேத்தி நிலாவின் பள்ளிக்கூடம் அதற்கும் கீழே. முதலாளி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இங்கேயே இருந்துவிடலாம். வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். காகிதம் அவர் மேசையில் இருந்தது. அவர் பேனாவை எடுக்கவில்லை.

"அவர் ஏன் போட மாட்டேங்கறாரு?" என்று கேட்டேன். "போட மாட்டேன்னு சொல்லலம்மா. பாக்கலாம்னு சொல்றாரு." பாக்கலாம் என்று சொல்கிற ஆம்பளைகளை எனக்குத் தெரியும். ஒருவரோடு நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

முதல் வாரம் எல்லாவற்றுக்கும் பயந்தேன். அந்த மாதத்தில் அங்கே ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சு பொரிக்குமாம், தெருவில் போகிறவன் மண்டையைக் கொத்துமாம். சைக்கிள்காரர்கள் தலைக்கவசத்தில் முள் முள்ளாகப் பிளாஸ்டிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நான் முக்காடு போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன். நிலா என்னைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். "அம்மாச்சி, உங்களைப் பார்த்தால் பறவை பயப்படும்" என்று அதற்கு அர்த்தமாம்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஹோம்புஷுக்குத் தோசை சாப்பிடப் போனோம். தோசை நன்றாகவே இருந்தது. சாம்பாரில் இனிப்பு. திரும்பி வராமல் அப்படியே ரயில் ஏறி நகரத்துக்குப் போய் அந்தச் சிலையைக் காட்டுகிறேன் என்றாள் விஜயா. அடுத்து அவள் கொண்டுபோக வேண்டிய சிலை அது. சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு.

ரயிலுக்கு மாடி இருக்கிறது. மாடியில் உட்கார ஆசைப்பட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனில் படி இறங்கி வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. விஜயாவும் நிலாவும் வெளியே, நான் உள்ளே. கண்ணாடியில் என் மகள் முகம் ஓடிப்போனது. அடுத்த ஸ்டேஷனில் ஒரு சீனக் கிழவி என் கையைப் பிடித்து இறக்கி, பெஞ்சில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். அவள் அவள் பாஷையில் பேசினாள், நான் என் பாஷையில் பேசினேன். ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தாள். மருமகள் சரியில்லை என்று சொன்னாள் என்று நினைக்கிறேன். நானும் ஆமாம் போட்டேன். விஜயா வந்து சேர்ந்தபோது கிழவி அவளைத் திட்டினாள். அந்தத் திட்டு எந்தப் பாஷையிலும் புரியும்.

சிலை ஒரு பழைய கட்டடத்தின் முற்றத்தில் இருந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். செய்தவள் ஒரு இங்கிலாந்துக்காரி, செத்துப்போய்ப் பல வருஷமாகிவிட்டதாம். ஊர்ச் சதுக்கங்களில், ஆஸ்பத்திரி வாசல்களில், பள்ளிக்கூடங்களில் எல்லாம் அவள் செய்த ஆட்கள் நிற்கிறார்களாம். சாமி கிடையாது, ராஜா கிடையாது. யாரென்று பெயரில்லாத ஆட்கள்.

இவன் ஒரு ஆம்பளை. சாதாரண ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, நடக்கிறான். துணி என்று ஒரு நூல் இல்லை. நான் சுற்றி வந்து பார்த்தேன். பொம்பளை செய்தது என்பதால் எதையும் விட்டுவைக்காமல் கவனமாகச் செய்திருந்தாள். "அம்மா, மூஞ்சியப் பாரும்மா" என்றாள் விஜயா.

மூஞ்சியைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம். உடம்பு முழுக்க அரிவாளால் கொத்திய மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. முதலில் சுண்ணாம்புச் சாந்தில் செய்து, காய்ந்த பிறகு உளியாலும் கைக்கோடாலியாலும் செதுக்கி, அதை அச்செடுத்து வெண்கலத்தில் வார்ப்பாளாம். சின்ன வயதில் யுத்தம் பார்த்தவளாம், விமானச் சத்தம் கேட்டு வேலிக்குள் பதுங்கியவளாம். நிலா என் முந்தானைக்குள் வந்துவிட்டாள். அன்று இரவு எனக்கும் யாராவது முந்தானை கொடுத்திருந்தால் போயிருப்பேன்.

மெல்போர்னுக்கு நானும் வருகிறேன் என்று நான்தான் கேட்டேன். லாரியில் முன்னால் மூன்று சீட்டு. டிரைவர், விஜயா, நான். முதலாளி தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றாராம். மருமகன் லீவு போட்டு நிலாவைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சரிக்கு விஜயா எத்தனை தடவை நன்றி சொல்லியிருப்பாள் என்று பின்னால்தான் யோசித்தேன்.

டிரைவர் யோகன், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும். படகில் வந்து இறங்கியவர். விஜயா அவரை அங்கிள் என்பாள், அவர் என்னை அக்கா என்றார். மனைவி கட்டிக்கொடுத்த இடியப்பப் பொட்டலத்தை முதலிலேயே காட்டிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சிலையைக் கட்டுகிற நாள். காலையிலிருந்து விஜயா அதைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தாள். அவர்கள் வேலை அப்படித்தான். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு கீறலையும் ரிப்போர்ட்டில் எழுதி, படம் எடுத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அங்கே இருப்பவரோடு மறுபடி பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ரிப்போர்ட்டில் இல்லாத கீறல் அங்கே இருந்தால் அது கொண்டுவந்தவர் தலையில். பாதங்களை அவள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கிரேன் வந்து பட்டையைப் போட்டார்கள். சிலையைத் தூக்கி மரப் பலகையில் நிறுத்தி, தலையிலிருந்து கீழே துணியும் பஞ்சும் சுற்றிக்கொண்டே வந்தார்கள். பாதம் மட்டும் பாக்கி. கிரேன்காரனோடு ஏதோ தகராறு, விஜயா வாசலுக்கு ஓடினாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தபோது என் கண்ணுக்கு நேராக இடது பாதம். கட்டைவிரல் முழுக்கப் பச்சைக் களிம்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பாத்திரம் போகிறதென்றால், அது சீர் குத்துவிளக்காக இருந்தாலும் சரி, பாயசம் கொடுத்தனுப்பிய தூக்காக இருந்தாலும் சரி, புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி அனுப்புவோம். களிம்போடு அனுப்பினால் அந்த வீட்டுப் பொம்பளையைத்தான் பேசுவார்கள். மெல்போர்னில் இதைப் பிரிக்கிறவர்கள் யாரைப் பேசுவார்கள்? என் மகளை. இப்படித்தான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக.

டப்பாவைத் திறந்தேன். ஒரு உருண்டை, கொஞ்சம் எச்சில், கல் உப்பு. பிடிவாதக் களிம்பு. நானும் பிடிவாதக்காரிதான், கை ஓயும்வரை தேய்த்தேன். பச்சை போயிற்று, அதற்கடியில் இருந்த காப்பிக் கறுப்பும் போயிற்று. கட்டைவிரல் பொன்னாக வந்தது. முந்தானையால் துடைத்தேன். அவ்வளவு பெரிய கறுத்த ஆளுக்கு ஒரே ஒரு தங்க விரல். அடுத்த விரலில் கை வைத்தபோது பின்னால் சத்தம்.

யோகன். கையில் டீ. முகத்தில் ரத்தமில்லை.

"அக்கா, என்ன செய்தனீங்கள்?"

களிம்பு எடுத்தேன் என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். அது களிம்பு இல்லையாம். அந்தப் பச்சையும் கறுப்பும் செய்தவளே தீயில் காட்டி, மருந்து பூசிக் கொண்டுவந்த நிறமாம். அவள் பூசிய பூச்சாம். அதுவும் சிலையில் சேர்த்தியாம். கையில் இருந்த புளி உருண்டையை டப்பாவில் போட்டு மூடினேன்.

வாசலில் விஜயாவின் குரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. என் சுருக்குப் பையில் கண்மை டப்பா இருந்தது, நானே விளக்கெண்ணெயில் காய்ச்சியது. விரலால் வழித்து அந்த விரலில் அப்பினேன். கறுத்தது. யோகன் குனிந்து பாதத்தைத் துணியால் சுற்றினார். விஜயா வந்தாள். "முடிஞ்சுதா அங்கிள்?" "ஓம் பிள்ளை, முடிஞ்சுது." அவர் என்னைப் பார்க்கவில்லை.

மெல்போர்ன் போகிற நெடுஞ்சாலை நல்ல சாலை. மலை, மாடு, மரம், மறுபடி மாடு. ஒரு மனுஷனைக் காணோம். எங்கள் ஊரில் இவ்வளவு தூரத்துக்குள் பதினெட்டு டீக்கடையும் நாலு சண்டையும் பார்த்திருக்கலாம். புளியை வாயில் போட முடியவில்லை. பார்த்தாலே குமட்டியது.

ஒரு திருப்பத்தில் கங்காரு ஒன்று குறுக்கே வந்தது. யோகன் பிரேக் போட்டார். பின்னால் மடார் என்று ஒரு சத்தம். விஜயா கதவைத் திறந்து குதித்தாள். சிலை நிற்கிற பலகையில் ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருப்பார்களாம், பலமாக அடிபட்டால் அது சிவப்பாகிவிடும். சிவப்பாயிருந்தால் துணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவள் பின்னால் ஏறினாள். நான் சீட்டில் உட்கார்ந்து, அருப்புக்கோட்டையில் இருக்கிற ஒவ்வொரு சாமிக்கும் ஒவ்வொன்று நேர்ந்தேன். இரண்டு சாமிக்கு ஒரே கிடாயை நேர்ந்துவிட்டேன். அவள் திரும்பி வந்து சிரித்தாள். பட்டை வெள்ளையாகவே இருக்கிறதாம். அவிழ்ந்தது ஒரு கொக்கி மட்டும்தான்.

மதியம் ஒரு ஓய்விடத்தில் நிறுத்தினோம். மர பெஞ்சில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். விஜயா கழிப்பறைக்குப் போனதும் யோகன் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அந்தச் சிலையப் பாத்தனீங்கள் தானே அக்கா. அவன் சும்மா நடக்கேல்ல. ஓடினா சுடுவாங்கள் எண்டு நடக்கிறான்." தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் அப்பிடி நடந்தனான். ஆமிக்காரனுக்கு முன்னால. முதுகில கண் முளைச்ச மாதிரி இருக்கும்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். இங்கே வந்து இறங்கியதும் ஒரு காகிதம் கொடுத்தார்களாம். கூடப் பிறந்தவர்கள் பெயரை எழுதச் சொன்னார்கள். இயக்கத்தில் இருந்த தம்பி பெயரைப் பயத்தில் விட்டுவிட்டார். பிறகு அது தெரிந்து, அந்த ஒரு பெயருக்காக வருஷக்கணக்காகக் கேள்வி. தம்பி இருந்ததைவிட, இல்லையென்று சொன்னதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் போயிற்று.

"நான் சொல்ல மாட்டன் அக்கா. ஆனா பிள்ளை கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னம் நீங்கள் சொல்லிப்போடுங்கோ. வைச்சிட்டா அது அவவின்ர பொய்."

சொல்லத்தான் நினைத்தேன். அன்று இரவு அல்பரி என்ற ஊரில் தங்கினோம். காலையில் டோஸ்ட்டும் முட்டையும் வைத்துக்கொண்டு விஜயா எதிரே உட்கார்ந்தாள். வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். முதலாளி செய்தி அனுப்பியிருக்கிறாராம். இந்த வேலை நல்லபடி முடிந்தால் வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் பிடிப்பாளே, அதே பிடி. நான் டோஸ்ட்டைத் தின்றேன். அட்டை மாதிரி இருந்தது. ஒருவேளை நன்றாகத்தான் இருந்ததோ என்னவோ.

மெல்போர்னுக்கு அந்தப் பக்கம் ட்ருகனினா, சிலையை இறக்க வேண்டிய இடம். ஒரே மாதிரிப் புது வீடுகள், அதற்கப்புறம் ஒரே மாதிரிக் கிடங்குகள். காற்று புடவையைப் பறிக்கிறது. மெல்போர்னில் ஒரே நாளில் வெயில், மழை, குளிர் எல்லாம் வரும் என்று சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு எல்லாம் உள்ளேயே வந்துகொண்டிருந்தது. லாரி ஒரு பெரிய கதவுக்குள் போய் நின்றது.

அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவள் ரூத் என்ற வெள்ளைக்காரப் பெண். என் வயதிருக்கும். நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது, கையில் துணி உறை. சிலைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் என்றாள் விஜயா. மருத்துவச்சி என்றால் எனக்குப் பயம்தான். அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இன்றைக்குச் சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று விஜயாவின் பின்னாலேயே போனேன். "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா." துணியைத் தலையிலிருந்து பிரித்தார்கள். பள்ளக் கண்கள் வந்தன. மார்பு வந்தது. மற்றதெல்லாம் வந்தது. ரூத் ஒவ்வொரு இடத்தையும் விளக்கடித்துப் பார்த்தாள், விஜயா ரிப்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தாள். முழங்கால் வந்தபோது யோகன் கிடங்குக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இடது பாதம். துணியில் கறுப்பாக அப்பியிருந்தது. வழியில் பட்ட அழுக்கென்று நினைத்து விஜயா ஒரு பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. விரல் மின்னியது.

விஜயா பஞ்சை மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். விளக்கெண்ணெய். என் மகள் பத்து வயதுவரை அந்த மையைத்தான் இட்டுக்கொண்டாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ரூத் என்னவோ கேட்டாள். இது புறப்படும்போதே இருந்ததா என்று கேட்டாளாம். விஜயா கணினிப் பலகையில் படங்களைத் தள்ளினாள். வலது பாதம், குதிகால், இடது கணுக்கால். இடது பாதத்தின் படம் வந்தது. கிரேனின் பட்டை சரியாக விரல்களின் குறுக்கே கிடந்தது. பட்டையை எடுத்த பிறகு மறுபடி எடுக்க நினைத்து மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். ஆகக்கூடி, இருந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் இல்லை என்று காட்ட உலகத்தில் ஒரு படம் இல்லை.

அவள் விரல் அந்தப் படத்தின் மேல் நின்றது. கீழுதட்டைக் கடித்தாள். என் மகள் பொய் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்டிக்காரிதான், ஆனால் பொய் சொல்வதற்கு முன் கீழுதட்டைக் கடிப்பாள். சின்ன வயதில் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டும் இப்படித்தான் நிற்பாள். இப்போது நிலாவுக்காக, வெள்ளிக்கிழமைக்காக, எனக்காகவும்தான்.

நான் நடந்தேன். ஓடவில்லை. முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே போய், பையைத் திறந்து, புளி டப்பாவை எடுத்து, அந்த ரிப்போர்ட்டுக் காகிதத்தின் மேலேயே வைத்துத் திறந்தேன்.

"யெஸ்" என்றேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தோடு முடிந்தது. மீதியைக் கையால் சொன்னேன். ஒரு உருண்டையை எடுத்து, என்னைக் காட்டி, விரலைக் காட்டி, தேய்த்துக் காட்டினேன். மை டப்பாவையும் எடுத்து வைத்தேன். விட்டால் நேர்ந்துகொண்ட கிடாயையும் சொல்லியிருப்பேன்.

ரூத் புளியை முகர்ந்தாள். விஜயா பேச ஆரம்பித்தாள், பேசிக்கொண்டே அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள் என்பது யோகன் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது. எத்தனை நேரம் தேய்த்தேன், உப்பு எவ்வளவு, மையில் என்னென்ன சேரும் என்று ரூத் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே நடைபாதை ஓரத்தில் விஜயா உட்கார்ந்தாள். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தேன். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் என் மனதில் அவர்கள் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டேன். நிலாவின் பள்ளிச் சட்டையை மடித்து வைக்கிற இடத்தில் மட்டும் கை வரவில்லை.

"ஏம்மா வழியிலயே சொல்லல?"

"பயம்டி."

"என் மேலயா?"

"உன் சந்தோஷத்து மேல."

அவள் நகர்ந்து பக்கத்தில் வந்தாள். அவ்வளவுதான்.

முதலாளியே கூப்பிட்டார். விஜயா எழுந்து நின்று கேட்டாள். எனக்குக் கேட்டதெல்லாம் அவளுடைய யெஸ், யெஸ், யெஸ். போனை வைத்துவிட்டுச் சொன்னாள். சிலைக்குச் சொந்தக்காரர்களிடம் அவரே பேசிவிட்டாராம். விரலை ரூத்தே சரிசெய்து தரலாம், விஜயா கூட இருந்து உதவ வேண்டும். அவள் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். பட்டை மறைத்த படத்துக்கும் சேர்த்து.

"அப்ப அந்தக் காகிதம்?"

"போடுறாராம். ஆனா வெள்ளிக்கிழமை இல்லையாம். பாக்கலாம்னாரு." பிறகு, "உங்கம்மா இனி என் லாரிப் பக்கமே வரக்கூடாதுன்னாரு" என்றாள். அது நியாயம்தான்.

இரண்டு நாள் அந்த விரலுக்கு வைத்தியம் நடந்தது. நான் ஒரு நாற்காலியில், கையை மடியில் கட்டிக்கொண்டு, பெயிலில் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரூத் விரலைத் தீயில் காட்டிச் சூடாக்கி, தூரிகையால் மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். முதலில் காப்பி நிறம் வந்தது. பிறகு கறுப்பு. பிறகு லேசாகப் பச்சை. மேலே மெழுகு. ஒரு கட்டத்தில் தூரிகையை விஜயா கையில் கொடுத்தாள். விஜயாவின் கை ஆடவில்லை. முடிந்தபோது நான் தேய்த்த விரல் எது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டும் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் இளமையாக இருக்கும்.

நான் ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. போன வாரம் விஜயா கூப்பிட்டாள். கையெழுத்து விழுந்துவிட்டது, இனி அரசாங்கம் பார்க்க வேண்டும் என்றாள். அங்கேயும் ஒரு பாக்கலாம் இருக்கிறது. கிடாய்க் கணக்கை மட்டும் இரண்டு சாமிகளும் பேசித் தீர்த்துக்கொள்ள விட்டிருக்கிறேன்.

ட்ருகனினாவில் கடைசி நாள் ரூத் அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இடது பாதம், கட்டைவிரல், என்ன நடந்தது, எதனால் நடந்தது, யாரால் நடந்தது. விஜயா எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். 'யாரால்' என்ற இடத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். பேச்சியம்மாள் என்று தமிழில் எழுதினேன். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தச் சிலை இனி எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் காகிதமும் கூடவே போகுமாம். நூறு வருஷம் ஆனாலும் போகுமாம். பயத்தில் அம்மணமாக நடந்துபோகிற ஒரு ஆம்பளையோடு என் பெயர் ஊர் ஊராகப் போகப்போகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால், விரலோடு நிறுத்தினாளே என்று முதலில் பெருமூச்சு விட்டிருப்பார்.